சின்னஞ்சிறு விளக்குகள் சொல்லும் செய்தி

வீட்டிற்கு ஒரு கார் வந்துவிட்டால் அதன் நிறம், விலை, பெற்றோற் செலவு ஆகியன பற்றிக் குடும்பத்தார் அனைவரும் ஆர்வத்தோடு பேசுவர். ஆனால், சாரதியின் கண்ணுக்கு நேரே முகப்புப் பலகையில் தோன்றி மறையும் சின்னஞ்சிறு விளக்குகள் எவற்றைக் குறிக்கின்றன என்று வினவினால், அக்காரை நாள்தோறும் ஓட்டுபவரே ஒரு கணம் தயங்குவர். கதவின் உட்புறத்திலுள்ள ஆளிகளின் கதையும் அதுவே. கண்ணாடியை ஏற்றி இறக்கும் ஆளியை யாவரும் அறிவர். அதன் அருகே இருப்பவை பெயரறியாப் பொருள்களாகவே இருந்துவிடுகின்றன. இவ்வறியாமை சிறியதன்று. ஒரு விளக்கைப் பொருட்படுத்தாமையால் பல இலட்சம் ரூபா பெறும் எஞ்சின் சில நிமிடங்களிற் பாழாகலாம். ஒரு பூட்டின் தன்மையை அறியாமையால் ஒரு குழந்தையின் உயிருக்கே இடர் நேரலாம். ஆகவே, இக்கிழமை இவ்விரண்டையும் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

நம் நாட்டு வீதிகளில் ஓடும் சிறு கார்களிற் பல யப்பானிற் பிறந்தவை. அந்நாட்டில் ‘கேய்’ என வழங்கும் சிறு கார் இனத்திற்குச் சட்டமே அளவு வகுத்துள்ளது. நீளம் 3.4 மீற்றரையும், அகலம் 1.48 மீற்றரையும், எஞ்சினின் கொள்ளளவு 660 கன சென்ரிமீற்றரையும் விஞ்சுதல் ஆகாது. 1993ஆம் ஆண்டு அங்கே அறிமுகமான சுசூக்கி வேகன் ஆர் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இடமும் செலவும் சுருங்கவேண்டியிருத்தலால், முன்னாளைய கார்களில் இருந்த வெப்பமானி முதலிய முட்கருவிகள் இத்தகைய கார்கள் பலவற்றில் இல்லை. அவற்றின் வேலையை விளக்குகளே ஏற்றுள்ளன. முள்ளாயின் படிப்படியாக நகர்ந்து, வரப்போவதை முன்கூட்டியே உணர்த்தும். விளக்கோ அதுவரை வாளாவிருந்து, ஒரு கணத்திற் சட்டென எரியும். எனவே, சிறு காரை உடையவர் பெருங் காரை உடையவரிலும் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

பேசும் குரலும் பேசா விளக்கும்

யப்பானிலிருந்து வந்த கார் சிலவற்றை இயக்கியவுடன் ஒரு பெண்குரல் யப்பானிய மொழியில் ஏதோ மொழியும். காரில் யாதோ பெருங் கோளாறு நேர்ந்துவிட்டது போலும் என்று அஞ்சுவாரும் உளர். உண்மையில் அக்குரல் பெரும்பாலும் கூறுவது, ‘ஈ.ரீ.சீ. அட்டை செருகப்படவில்லை’ என்பதேயாம். ஈ.ரீ.சீ. என்பது 2001ஆம் ஆண்டு முதல் யப்பானிய நெடுஞ்சாலைகளில் நடைமுறையிலுள்ள தானியங்கிச் சுங்க முறை. அந்நாட்டுச் சுங்கச்சாவடிக்காகப் பொருத்திய கருவி, கடல் கடந்து வந்த பின்னும் தன் கடமையைக் காலைதோறும் ஆற்றுகின்றது! அதனால் நமக்கு ஆவது யாதுமில்லை.

வாய்விட்டுப் பேசும் குரல் பயனற்றதாகவும், வாய் திறவாத விளக்கு உயிர்நிலையான செய்தியைத் தாங்கியதாகவும் இருத்தல் வியப்பன்றோ? நல்ல வேளையாக, விளக்குகளைப் படித்தற்கு யப்பானிய மொழி வேண்டுவதில்லை. அவை எழுத்தாலன்றிப் பெரும்பாலும் படத்தாலேயே பேசுகின்றன. அப்படங்களைச் சர்வதேச நியம நிறுவனம் தனது 2575ஆம் இலக்க நியமத்தில் வகுத்துள்ளமையால், யப்பானியக் காராயினும் இந்தியக் காராயினும் ஐரோப்பியக் காராயினும் படங்கள் ஏறக்குறைய ஒன்றே.

படத்திற்கு முன்னர் நோக்கவேண்டியது நிறம். பச்சையும் நீலமும் செய்தி, மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆணை. மஞ்சள் எரிந்தால் விரைவில் கராஜுக்குச் செல்லுதல் வேண்டும். சிவப்பு எரிந்தால் அப்பொழுதே கவனித்தல் வேண்டும். ஓடும்போது எரிந்தாற் பாதுகாப்பான ஓரிடத்தில் நிறுத்துதல் வேண்டும். ‘இன்னும் இரண்டு மைல்தானே, வீட்டிற்குப் போய்ப் பார்த்துக்கொள்வோம்’ என்னும் எண்ணமே எஞ்சின்களுக்குக் கூற்றுவன்.

செந்நிற விளக்குகள் நான்கு

முதலாவது, நம் பாட்டிமார் கையாண்ட மூக்குப்பேணியைப் போன்ற ஒரு படம். அதன் மூக்கிலிருந்து ஒரு துளி சொட்டும். இஃது எஞ்சின் எண்ணெயைக் குறிப்பது. இவ்விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுகின்றது என்று பலர் கருதுவர். அது தவறு, காட்டுவது எண்ணெயின் அமுக்கத்தையே. எஞ்சினுள்ளே சுழலும் உலோகப் பகுதிகள் ஒன்றோடொன்று நேரே உராய்வதில்லை. அமுக்கத்தோடு பாயும் எண்ணெய் மென்படலமாய் நின்று அவற்றைப் பிரித்து வைக்கின்றது. அமுக்கம் வீழ்ந்தால் அப்படலம் அறும். உலோகம் உலோகத்தைத் தின்னும். ஆகவே இவ்விளக்கு எரிந்தவுடன் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தல் வேண்டும். சில நிமிடம் பொறுத்து, அளவுகோலை உருவி எண்ணெயைப் பார்த்தல் வேண்டும். எண்ணெய் போதிய அளவு இருந்தும் விளக்கு எரிந்ததாயின், மீண்டும் இயக்காது மெக்கானிக்கை அழைப்பதே அறிவுடைமை.

இரண்டாவது, நீரலையில் நிற்கும் வெப்பமானியின் படம். குளிர்ந்த காலையில் இதே படம் நீல நிறத்தில் எரிதலைக் காணலாம்; எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்பது பொருள். சில நிமிடத்தில் அது தானே அணைந்துவிடும். சிவப்பாக எரிந்தாலோ, எஞ்சின் அளவு கடந்து கொதிக்கின்றது என்று அறிக. கண்டியிலிருந்து இறம்பொடை வழியாக, கடல் மட்டத்திற்கு மேல் 1,800 மீற்றருக்கு அதிகமான உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு, ஐவரையும் அவர்தம் மூட்டைகளையும் சுமந்துகொண்டு ஏறும் 660 கன சென்ரிமீற்றர் எஞ்சினின் பாட்டை எண்ணிப் பாருங்கள்! அவ்வேளையில் இவ்விளக்கு எரியுமாயின் ஓரமாக நிறுத்தி ஆறவிடுதல் வேண்டும். ரேடியேற்றரின் மூடியை உடனே திறத்தல் கூடவே கூடாது. பௌதிகவியல் கற்கும் மாணவர் காரணத்தை அறிவர்: அமுக்கம் கூடினாற் கொதிநிலையும் கூடும். மூடிய ரேடியேற்றரினுள்ளே நீர் 100 பாகையைக் கடந்தும் கொதியாது நிற்கும். மூடியைத் திறந்த கணமே அமுக்கம் நீங்க, அந்நீர் ஆவியோடு பொங்கி முகத்திற் பாயும்.

மூன்றாவது, கூட்டற் குறியும் கழித்தற் குறியும் கொண்ட பெட்டியின் படம். இது பற்றரியைக் குறிப்பினும், குற்றம் பற்றரியில் இருத்தல் வேண்டுமென்பதில்லை. பற்றரிக்கு மின்னேற்றம் நடைபெறவில்லை என்பதே இதன் செய்தி. மின்பிறப்பாக்கி பழுதுபட்டிருக்கலாம், அன்றேல் அதனைச் சுழற்றும் பட்டி அறுந்திருக்கலாம். பல கார்களில் நீர்ப்பம்பியைச் சுழற்றுவதும் அதே பட்டியாதலால், இவ்விளக்கைத் தொடர்ந்து வெப்ப விளக்கும் எரியக்கூடும். இரவுப் பயணத்தில் இதனைப் புறக்கணித்தால் முன்விளக்குகளும் மங்கி, நட்டநடு வழியில் நிற்க நேரும்.

நான்காவது, வட்டத்தினுள் வியப்புக்குறி. கைப்பிரேக் இறக்கப்படாதிருந்தால் இஃது எரியும். இறக்கிய பின்னும் எரிந்தால் பிரேக் எண்ணெய் குறைந்துள்ளது என்பதாம். வளைவுகளில் திரும்பும்போது மட்டும் இது மின்னி மறைவதுண்டு. எண்ணெய் குறைந்தபட்ச அளவை அணுகியுள்ளமையால், கார் சாயும்போது அதுவும் சாய, விளக்கு எரிகின்றது. இவ்வண்ணம் தொடக்கத்திலேயே கண்டுகொண்டவர் பேரிடரிலிருந்து தப்புவர்.

மஞ்சள் விளக்குகளில் எஞ்சினின் உருவம் கொண்டதே முதன்மையானது. எஞ்சினையும் புகையையும் கண்காணிக்கும் கணினி ஏதோ ஒரு குற்றத்தைக் குறித்துக்கொண்டது என்பதற்கு அஃது அடையாளம். நிலையாக எரிந்தால் சில நாளுக்குள் காட்டலாம். விட்டுவிட்டு மின்னினால், எரிய வேண்டிய பெற்றோல் எரியாமல் வெளியேறிப் புகைபோக்கியிலுள்ள ஊக்கிக் கருவியை அழிக்கின்றது என்று கொண்டு, வேகத்தைத் தணித்து விரைவில் நிறுத்துதல் வேண்டும். ஏ.பீ.எஸ். என்னும் எழுத்து எரிந்தால் பிரேக் பிடிக்கும். ஆனால் திடீரென அழுத்தும்போது சில்லுகள் பூட்டிக்கொண்டு வழுக்காமற் காக்கும் உதவி கிட்டாது. மழையிற் செல்வோர் இதனை நினைவிற் கொள்க.

வாங்குமுன் ஒரு சோதனை

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீண்டும் தொடங்கிற்று. இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்தாண்டுகளில் இருந்த கார்களே கைமாறின. விலையும் மிக ஏறிற்று. பழைய காரை வாங்குவோர் இவ்வெளிய சோதனையை மறத்தலாகாது. எஞ்சினை இயக்காமல், ஆளியை ‘ஒன்’ என்னும் நிலைக்கு மட்டும் திருப்புக. எச்சரிக்கை விளக்குகள் எரியும். அவற்றுட் சில, ஓரிரு விநாடியில், தம்மைத் தாமே சோதித்துக்கொண்டு அணையும். ஏனையவை எஞ்சினை இயக்கியதும் அணையும். அணையாத விளக்கு குற்றத்தைக் காட்டும் என்பதை எல்லாரும் அறிவர். ஆயின், தொடக்கத்திலேயே எரியாத விளக்கு அதனினும் ஐயத்திற்குரியது. சிறப்பாக, ஆசனத்தில் அமர்ந்த ஒருவர்முன் ஒரு பந்து உள்ளதுபோன்ற வளிப்பை விளக்கு எரிந்து அணைகின்றதா என்று நோக்குக. எரியவே இல்லையாயின் அதன் குமிழ் பழுதாயிருக்கலாம். அன்றேல் முன்னொரு விபத்தில் வெடித்த வளிப்பையை மாற்றாது, விளக்கை மட்டும் எவரேனும் ஊமையாக்கியிருக்கலாம்.

கதவின் மொழி

இனிக் கதவிற்கு வருவோம். கதவின் பூட்டு இருவகைத்து. ஒன்று வெளியாரை உள்ளே விடாதது; மற்றையது உள்ளிருக்கும் பிள்ளையை வெளியே விடாதது. முன்னையதைச் சாரதி தம் பக்கத்து ஆளியாலேயே நான்கு கதவுகட்கும் இடலாம். பின்னையது பிள்ளைப்பூட்டு, பின்கதவைத் திறந்தால் அதன் ஓரத்தில் தாழ்ப்பாளுக்கு அருகே உள்ள சிறு நெம்பு அது. அதனை இட்டால் பின்கதவு உள்ளிருந்து திறவாது, வெளியிலிருந்தே திறக்கும். ஓடும் காரிற் குழந்தை கதவைத் திறந்து விழாமற் காப்பது இதுவே. ஆனால், பின்னாசனத்தில் முதியோர் அமரும்போதும் அஃது இடப்பட்டே இருக்கும் என்பதை வீட்டார் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். விபத்து வேளையில் அவர்கள் கைப்பிடியை இழுத்து இழுத்துத் திகைக்க, வெளியே நிற்பவர் ‘உள்ளிருந்து திறவுங்கள்’ என்று கூவுவதாற் பயன் என்ன?

சாரதியின் கதவிற் குறுக்குக்கோடிட்ட கண்ணாடியின் படத்தோடு ஓர் ஆளி உண்டு. அதனை அழுத்தினால் மற்றைக் கதவுகளின் கண்ணாடிகள் அசையா. பழைய அமைப்புச் சிலவற்றில் ஆளியை அழுத்தினாலே கண்ணாடி மேலேறும். தலையை வெளியே நீட்டி நின்ற குழந்தைகளின் முழங்கால் அவ்வாளியில் ஊன்ற, கண்ணாடி ஏறிக் கழுத்தை நெரித்த கொடுமைகள் பிறநாடுகளில் நிகழ்ந்துள்ளன. அதனாலேயே இக்காலத்து ஆளிகள் மேல்நோக்கி இழுத்தாலன்றிக் கண்ணாடியை ஏற்றாதபடி அமைக்கப்படுகின்றன. கை அகப்பட்டாற் கண்ணாடி தானே கீழிறங்கும் வசதி சிறு கார்களில் பெரும்பாலும் சாரதியின் பக்கத்துக்கு மட்டுமே உண்டு. எனவே, சிறு பிள்ளைகள் பின்னிருக்கையில் இருந்தால் அந்தப் பூட்டாளி அழுத்தப்பட்டே இருத்தல் நன்று.

முகப்புப் பலகையில், சிறகு விரித்த வண்டினைப்போல் ஒரு கார் தோன்றினாற் கதவு ஒன்று சரியாக மூடப்படவில்லை என்பது பொருள். புறப்படுமுன் அது அணைந்ததா என்று பார்த்தல் வேண்டும்.

இறுதியாக, யாவற்றினும் முதன்மையான ஒன்றைக் கூறுவோம். தொலைவிலிருந்து பூட்டும் திறப்பினைக் குழந்தையின் கையில் விளையாடக் கொடுத்தல் ஆகாது. தாய் இறங்கிக் கதவைச் சாத்த, குழந்தை உள்ளிருந்தே பொத்தானை அழுத்திவிட்டால் நிலைமை என்ன? வெயிலில் நிற்கும் காரினுள்ளே முதற் பத்து நிமிடத்திலேயே வெப்பநிலை ஏறக்குறைய 10 பாகை செல்சியசு உயரும். ஏறும் வெப்பத்தின் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணி நேரத்துள்ளேயே ஏறிவிடுகின்றது என்றும், கண்ணாடியைச் சிறிது திறந்து வைத்தலால் பெரும்பயன் இல்லை என்றும் 2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. குழந்தையின் உடலோ பெரியவர் உடலிலும் பன்மடங்கு விரைவிற் சூடேறும். ஆகையால், அங்கே விலையை எண்ணிக் காலந் தாழ்த்தலாகாது. மாற்றுத் திறப்பு உடனே கைக்கு எட்டாதாயின், குழந்தைக்குத் தொலைவிலுள்ள பக்கக் கண்ணாடியை உடைத்தல் வேண்டும். அது பெரும்பாலும் சிறு மணிகளாக உதிரும் வகையினது. முன்கண்ணாடியோ படலம் இடையிட்டது, எளிதில் உடையாது. குழந்தை சோர்ந்திருந்தால் 1990 என்னும் இலக்கத்தில் நோயாளர் வண்டியை அழைத்தல் வேண்டும். கண்ணாடி ஒன்று போயினும் மறுநாள் வேறொன்று பொருத்தலாம்.

மாணவ மணிகட்கு இக்கிழமை ஒரு பயிற்சி. வீட்டிற் கார் இருந்தால், தந்தையாரையோ தாயாரையோ உடன் வைத்துக்கொண்டு, கைப்பிரேக் இட்ட நிலையில் ஆளியைத் திருப்பச் செய்து, எரியும் ஒவ்வொரு விளக்கையும் கொப்பியில் வரைந்து, நிறத்தையும் பொருளையும் எழுதுங்கள். பின்னர்ப் பின்கதவுகளைத் திறந்து பிள்ளைப்பூட்டு எங்குள்ளது, இப்பொழுது எந்நிலையில் உள்ளது என்று பாருங்கள். அந்தத் தாளை வீட்டார் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள். சாரதியின் கண் வீதியில் இருக்கும்போது, பக்கத்தில் இருப்பவரின் கண் அவ்விளக்கைக் கண்டு சொல்லுமாயின், அதுவே அக்குடும்பத்திற்குக் காவலாகும்.