ரெண்டு மாத்திரை வெட்டிக் குடுப்பா

சமணர் மலை அடிவாரத்து வெயிலில் நாளெல்லாம் நின்றால் யாருக்குத்தான் தலை வலிக்காது? கீழக்குயில்குடியில் எங்கள் மதினிக்கு வருவது ஒத்தைத் தலைவலி. வெளிச்சம் ஆகாது, வாந்தி வரும். மெடிக்கலில் போய், "மண்டையிடி தாங்கல, ரெண்டு மாத்திரை வெட்டிக் குடுப்பா" என்பார். கடைக்காரத் தம்பியும் வெட்டிக் கொடுத்துவிடும். பிரஷர் இருக்கா, நெஞ்சுவலி வந்திருக்கா, வேற மாத்திரை ஓடுதா? ஒரு கேள்வி கிடையாது.

மதினிக்குப் பிரஷர் இருக்கிறது. அந்த மாத்திரையில் இருப்பதோ எர்காட்டமின், ரத்தக்குழாயைச் சுருக்குகிற மருந்து. நம் கம்பங்கதிரில் தேனொழுகல் நோய் வருகிறதே, அந்தப் பூஞ்சை இனத்திலிருந்து எடுப்பது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் பூஞ்சை பிடித்த தானியத்தில் ரொட்டி சுட்டுத் தின்றவர்களுக்குக் கைகால் விரல் கருகி விழுந்திருக்கிறது. பிரஷர் அடங்காதவர்கள், இதய நோய், பக்கவாதம் கண்டவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. சளிக்கு எரித்ரோமைசினோ கிளாரித்ரோமைசினோ சாப்பிடுகிறவர்களுக்கு இது உடம்பில் கரையாமல் தேங்கி, கைகாலுக்குப் போகிற ரத்தத்தையே நிறுத்திவிடலாம். இரண்டும் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் இருக்கின்றன! ஒத்தைத் தலைவலிக்கு விற்கிற இன்னொரு மாத்திரையான சுமாட்ரிப்டானும் இதய நோய்க்காரர்களுக்கு ஆகாது. எர்காட்டமினுக்கும் அதற்கும் நடுவில் 24 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

எர்காட்டமினை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 1945ஆம் வருஷத்து மருந்து விதிகளே சொல்கின்றன. அட்டையில் சிவப்புக் கோடும் எச்சரிக்கையும் உண்டுதான். அதுவும் இங்கிலீஷில், எறும்பு எழுத்தில். ரெண்டு மாத்திரை வெட்டினால் அந்த எழுத்து மிச்ச அட்டையோடு கடையிலேயே தங்கிவிடுகிறது.

2021இலிருந்து மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வாசலுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள். மதினியின் அளவையும் ஒரு சீட்டில் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்க ஒரு நிமிஷம் ஆகுமா?

மாதத்தில் பத்து நாளோ அதற்கு மேலோ எர்காட்டமினை விழுங்கி, மூன்று மாதம் தாண்டினால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். மதினிக்கு இப்போது பாதி மாதம் வலிதான். மாத்திரை பத்தவில்லை என்று நினைக்கிறார். வாய் குழறி, கை விளங்காமல் வருகிற தலைவலிக்கும் இதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாரோ என்று எனக்குப் பதறுகிறது. அப்போது 108ஐக் கூப்பிட்டு மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பிரஷரா, இதயமா, கர்ப்பமா, வேறு மருந்தா? இந்த நாலு கேள்வியைத் தமிழில் பெரிதாக எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டுங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது. ஒரு தாள்தானே ஐயா!