போர்த்துகீசியக் கப்பலில் புலிக்கொடியா?



சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தமிழ்ப்பள்ளியின் வரலாற்றுக் கண்காட்சியைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. கண்ணாடிப் பேழைக்குள் அழகியதொரு மரக்கப்பல். மூன்று பாய்மரங்கள்; நூலால் பின்னிய கயிற்றேணிகள்; உச்சியில் புலிக்கொடி. 'இராசேந்திர சோழனின் போர்க்கப்பல்' என்று பெயர்ப்பலகை. மகிழ்ச்சியோடு அருகில் சென்றேன். பக்கவாட்டில் வரிசையாகப் பீரங்கித் துளைகள்! பின்புறத்தில் மாடி மாடியாக உயர்ந்த அறைகள்! கடையில் பெட்டியாக விற்கும் ஐரோப்பியக் கப்பலை ஒட்டிச் சேர்த்துவிட்டு, கொடியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

இராசேந்திரன் கடாரத்தின்மீது படை செலுத்தியது 1025ஆம் ஆண்டில். இத்தகைய பீரங்கிக் கப்பல்கள் ஐரோப்பாவில் உருப்பெற்றது 16ஆம் நூற்றாண்டில். ஐந்நூறு ஆண்டு இடைவெளியை ஒரு முழத் துணியால் மூடிவிட இயலுமா?

செமினியிலிருந்து மலாக்காவுக்கு இரண்டு மணி நேரத்தில் சென்றுவிடலாம். அங்கே, 1511இல் மலாக்காவைக் கொள்ளையிட்ட பொருளோடு மூழ்கிய 'புளோர் டி லா மார்' கப்பலின் மாதிரி, கடல்சார் அருங்காட்சியகமாக நிற்கிறது. அது தன்னைப் போர்த்துகீசியக் கப்பல் என்றே அறிவித்துக்கொள்கிறது. அது பொய் சொல்லவில்லை. பொய் சொல்வது நாம்தான்!

"சிறுவர் செய்ததுதானே! இதற்கா இவ்வளவு கடுமை?" எனச் சிலர் கேட்கக்கூடும். சிறுவர் செய்தது என்பதாலேயே கேட்கிறேன். ஆறாம் ஆண்டு மாணவன் தன் கையால் செய்த பொருளை எளிதில் மறக்க மாட்டான். நாளை இடைநிலைப்பள்ளியில் வேற்றினத் தோழன் ஒருவன், "இது போர்த்துகீசியர் கப்பலாயிற்றே" என்று எள்ளி நகைத்தால், கப்பலோடு கடாரமும் பொய் என்றல்லவா அவன் எண்ணுவான்? பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயிலின் எச்சம் ஒன்று 2013ஆம் ஆண்டு இடிக்கப்பட்டபோது, வரலாற்றை அழிக்காதீர் என்று குரல் எழுப்பினோம். பிறர் அழித்தால் குற்றம். நாமே திரித்தால் பெருமையோ?

அப்படியானால் சோழர் கலத்தை எவ்வாறு செய்வது? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, அலைகடல் நடுவே பல கலங்களைச் செலுத்திய செய்தியைக் கூறுகிறது. கலத்தின் வடிவத்தைக் கூறவில்லை. சாதவாகனர் காசுகளில் இரு பாய்மரக் கப்பல் காணப்படுகிறது. ஆயினும் அது சோழருக்குப் பல நூற்றாண்டு முந்தியது. எனவே, செய்வோர் தாராளமாகச் செய்யட்டும். பெயர்ப்பலகையில் 'இது கற்பனை வடிவம்' என்று நேர்மையாக எழுதட்டும்.

கற்பனையே தேவைப்படாத கப்பலும் நம்மிடம் உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழர் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை இராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் பணியாற்றிய அக்கப்பல், 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. இரண்டே பாய்மரங்கள், பீரங்கி இல்லை, போர் இல்லை. பாய்மரக் கலத்தில் பெருங்கடல் கடந்த தமிழரின் உழைப்பு இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இது போதாதா?

தமிழாசிரியப் பெருமக்களே! அடுத்த கண்காட்சிக்குப் பெட்டிக் கப்பல் வாங்காதீர்கள். ஐஸ்கிரீம் குச்சியும் மெல்லிய பலகையும் போதும். அடியில் நீண்டு கிடக்கும் கட்டைக்கு 'ஏரா' என்று பெயர், அதிலிருந்து விலா எலும்புபோல் எழுபவை 'வங்கு', பாயைத் தாங்கும் குறுக்குமரம் 'பருமல்', முன்பக்கம் 'அணியம்', திசை திருப்புவது 'சுக்கான்'. ஒட்டும்போதே சொல்லிக்கொடுங்கள். எந்தப் பயிற்சித்தாளும் தராத ஐந்து சொற்களை மாணவன் விரல்நுனியில் வைத்துக்கொள்வான்.

கப்பல் கோணலாக வந்தால் வரட்டும். இரண்டு மரத் தாங்கிகளின்மேல் அசையாமல் நிறுத்தி, பலகையில் மூன்றே வரி எழுதச் சொல்லுங்கள்: இது என்ன கப்பல்? இதை எப்படி அறிந்தோம்? இதில் எது நம் ஊகம்?

அம்மூன்று வரிகளை மாணவனே எழுதட்டும். புலிக்கொடியைவிட அவ்வரிகளே அவனுக்கு நெஞ்சுரம் தரும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.