தார் அங்கேயே நின்னுடுதாம்ல!

போன வாரம் சித்தப்பா பையன் வீட்டுக்கு வந்திருந்தான். "சிகரெட்டை விட்டுட்டேன்ணே" என்றான். கை கொடுக்கலாம்னு எழுந்தா, பைக்குள்ளேர்ந்து ஒரு வெல்வெட் சுருக்குப்பையை எடுத்தான். உள்ளே அலுமினியத் தண்டு வெச்ச பைப் ஒண்ணு, மரக் கிண்ணம் மூணு. நகைக்கடைக்காரர் மாதிரி டேபிள் மேல வரிசையா அடுக்கிட்டு, ஒரு கிண்ணத்தைத் திருகிக் கழற்றி, அடியில தேங்கியிருந்த பழுப்புத் தண்ணியைக் காட்டுறான். "பாருங்க, விஷமெல்லாம் இங்கேயே நின்னுடுது. நமக்கு வர்றது சுத்தமான புகைதான்."

இந்தப் பதிவு அந்த ஒரு வாக்கியத்துக்காக.

முன்னாடியே சொல்லிடறேன் மக்களே, நான் சாமியார் கிடையாது. பதினோரு வருஷம் பைப் பிடிச்சவன். அதுல ஏழு வருஷம் இதே ஜாதி உலோகப் பைப்தான். கப்பல்ல இன்ஜின் ரூமில் வேலை பார்த்த பெரியப்பா கொடுத்தது. அவன் சொன்ன அதே வசனத்தை அதே முகபாவத்தோட நானும் பல பேர்கிட்ட சொல்லியிருக்கேன். அதனால இது அவனைத் திட்டுற பதிவுன்னு நினைச்சுக்காதீங்க. பாதி என்னையே திட்டிக்கறது.

பைப் பார்க்காதவங்களுக்காகக் கொஞ்சம். சாதாரண பைப்பில் கிண்ணமும் அதோட கழுத்தும் ஒரே மரத்துண்டு. மத்தியதரைக் கடல் பக்கம் வளர்ற பிரையர்ங்கற புதர்ச்செடியோட வேர்முண்டுலேர்ந்து கடைஞ்சு எடுப்பாங்க. உலோகப் பைப்பில் தண்டு மட்டும் அலுமினியம். தண்டு முனையில ஒரு சின்ன வட்டத் தட்டு, அதுல மரை. மரக் கிண்ணத்தை அதுமேல வெச்சுத் திருகினா உட்கார்ந்துடும். சூடான புகை கிண்ணத்தோட அடித்துளை வழியா தட்டுல இறங்கும்போது, குளிர்ந்த உலோகத்துல பட்டு ஈரம் தண்ணியா வடிஞ்சு தட்டுலயே தங்கிடும். இந்த வகையில ரொம்பப் பேர் தெரிஞ்சது ஃபால்கன். 1930-களில் கென்லி பக்குன்னு ஒரு அமெரிக்கர், இண்டியானா மாநிலம் ஃபோர்ட் வேன் ஊர்க்காரர், வடிவமைச்சது. அப்புறம் இங்கிலாந்துல தயாரிச்சுச் சக்கைப்போடு போட்டாங்க.

அதே 1930-களில் சியாட்டில்ல இன்னொருத்தர், பேராசிரியர் ஃபிரெடெரிக் கர்ஸ்டன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல விமானப் பொறியியல் சொல்லிக்கொடுத்தவர். போயிங்கோட சேர்ந்து ஒரு புது மாதிரி விமான உந்துவிசிறிக்கு முயற்சி பண்ணவர். அந்தப் பல்கலைக்கழகத்துல இருக்கற காற்றுச்சுரங்கத்துக்கே இவர் பேர்தான். சிகரெட்டை விட்டுட்டுப் பைப்புக்கு மாறுங்கன்னு டாக்டர் சொல்ல, பைப் இவர் நாக்கைச் சுட்டிருக்கு. இன்ஜினியர் சும்மா இருப்பாரா? கார் ரேடியேட்டர் கணக்கா ஒரு அலுமினியக் குழாயைத் தண்டா வெச்சு, இரண்டு பக்கமும் திறக்கற மாதிரி பண்ணி, முனையில ஒரு வால்வும் வெச்சு, மேல கிண்ணத்தை ஸ்க்ரூ போட்டு மாட்டிட்டார்.

பொறியியலா பாத்தா நான் இன்னிக்கும் தொப்பி கழற்றுவேன். நாலே நாலு பாகம். கெட்டுப்போறது கிண்ணம் மட்டும்தான், அதை மட்டும் மாத்தினா போதும். இன்னிக்கு வாங்கற செல்போன்ல பேட்டரி மாத்தறதுக்கே ஹீட் கன் வேணும். அந்தக் காலத்து ஆள் பைப்புக்கே ஸ்பேர் பார்ட் யோசிச்சிருக்கான்! மரப்பைப் கனவான்கள் இதை 'தகர டப்பா'ம்பாங்க, வாயில ஸ்பேனரை வெச்ச மாதிரி இருக்கும்பாங்க. அதெல்லாம் வெறும் பந்தா. உலோகப் பைப் மேல எனக்கிருக்கற சண்டையே வேற.

என் சண்டை அந்தத் தட்டுல தேங்கற தண்ணியோட.

அதைப் பார்த்தா மனசுக்கு ஒரு நிம்மதி வரும் பாருங்க, அங்கதான் ஏமாந்தோம். ஃபில்டர் காபி போடறோம். மேல் டப்பாவுல சக்கை தங்குது. அதைத் தட்டிக் கொட்டிட்டு, "அப்பாடா, காபியெல்லாம் மேலயே நின்னுடுச்சு, கீழ இருக்கறது வெந்நீர்தான்"னு யாராவது சொல்வாங்களா? சக்கை எவ்வளவு நின்னுதுங்கறது கேள்வியே இல்லை. டம்ளருக்கு என்ன வந்ததுங்கறதுதான் கேள்வி.

டம்ளருக்கு என்ன வந்ததுன்னு நான் பார்த்தேன். ஒருநாள் பைப்பை நல்லா துடைச்சு, புதுக் கிண்ணம் மாட்டி, ஒரு இழுப்பு வாயில வாங்கி, வெள்ளைக் கைக்குட்டையை உதட்டுல இறுக்கி வெச்சு அதன் வழியா ஊதினேன். நாலு இழுப்புல ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பழுப்பு வட்டம். தட்டைத் தாண்டி, தண்டைத் தாண்டி, எல்லாக் காவலையும் தாண்டி வந்த பழுப்பு. நான் ஊதி வெளியே விட்டதுல பிடிபட்டதுதான் இவ்வளவு. ஏற்கெனவே வாயில ஒட்டினதை எந்தக் கைக்குட்டையில பார்க்கறது?

காரணம் ரொம்ப சிம்பிள். உலோகத்துல பட்டுக் குளிர்றதுல பெரும்பங்கு நீராவி, கூடக் கொஞ்சம் தார். புகையில மிதக்கற தார்த் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழ. அது சுவர்ல மோதி நிற்காது, காத்தோட வளைஞ்சு நெளிஞ்சு போயிட்டே இருக்கும். கார்பன் மோனாக்ஸைடு இன்னும் மோசம். அது திரவமாகணும்னா மைனஸ் 191 டிகிரி வேணும். அலுமினியத் தண்டு என்ன பண்ணும், பாவம்.

"நாங்க உள்ள இழுக்கறதில்லையே, வாயோட சரி"ங்கறது அடுத்த வசனம். சிகரெட்லேர்ந்து பைப்புக்கு வர்றவங்க பல பேர் பழக்கதோஷத்துல உள்ள இழுக்கத்தான் செய்யறாங்க. இழுக்காட்டியும், பைப் புகையிலையோட புகையில காரத்தன்மை சிகரெட்டை விடக் கொஞ்சம் தூக்கல். அதனால நிக்கோட்டின் வாயோட உள்தோல் வழியாவே ரத்தத்துக்குப் போயிடும். நுரையீரல் வரைக்கும் போக வேண்டிய அவசியமே அதுக்கு இல்லை.

இந்த மயக்கம் புதுசும் இல்லை. 1964 ஜனவரியில அமெரிக்க சர்ஜன் ஜெனரல் அறிக்கை வந்து சிகரெட்டைக் கிழிச்சப்போ, அங்க நிறையப் பேர் பைப்புக்கும் சுருட்டுக்கும் தாவினாங்க. அந்த அறிக்கையில பைப்காரங்களைப் பத்திக் கொஞ்சம் மென்மையா இருந்தது நிஜம். ஆனா பைப் பிடிச்சா உதட்டுப் புற்றுநோய் வரும்னு அதே அறிக்கையில எழுதியிருந்ததை யாரும் சத்தமா படிக்கலை. 2004-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தோட ஆய்வு வந்தது. பைப் மட்டுமே பிடிச்சவங்களையும் புகையிலையே தொடாதவங்களையும் ஒப்பிட்டாங்க. ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் ஆண்களுக்கு மேல. நுரையீரல் புற்றுநோயில சாகற வாய்ப்பு பைப்காரங்களுக்கு சுமார் 5 மடங்கு. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய்னு லிஸ்ட் நீளும். சிகரெட்டை விடக் கம்மிதானேன்னு கேட்பீங்க. கம்மிதான். மூணாவது மாடியிலேர்ந்து விழறது ஏழாவது மாடியை விடக் கம்மிதான்.

இப்ப அந்த மூணு கிண்ணத்துக்கு வர்றேன். இதை யாரும் பேசி நான் பார்த்ததில்லை.

மரப்பைப்புக்கு ஒரு குணம் உண்டு. ஒருதடவை பிடிச்சா ஈரத்துல ஊறிப்போகும். ஒருநாளாவது காயவிடலைன்னா கசக்கும், கொர்கொர்னு சத்தம் போடும். நாமளா வைக்காத ஒரு பிரேக் அது. ஒரே பைப் வெச்சிருந்த காலத்துல எனக்கு ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் ஒண்ணு, அவ்வளவுதான். உலோகப் பைப் வந்துது, மாத்து வேட்டி மாதிரி மாத்துக் கிண்ணமும் வந்துது. தண்டைத் துடைச்சா ரெண்டு நிமிஷத்துல ரெடி, காய்ஞ்ச கிண்ணத்தை மாட்டினா அடுத்த ரவுண்டு. காலையில ஒண்ணு, டிபனுக்கப்புறம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, அந்த ராத்திரிக் கோட்டா தனி. கிண்ணம் எத்தனையோ வேளை அத்தனை. இதுக்கு நான் வெச்ச பேர் 'பராமரிப்பு'!

பராமரிச்சேன், பொய் சொல்லக்கூடாது. பெரியப்பா சொல்லிக்கொடுத்த மாதிரியே. சூட்டோட கிண்ணத்தைக் கழற்றக்கூடாது, மரை தேஞ்சு லொடலொடன்னு ஆயிடும். ஆறினப்புறம் தட்டைக் காகிதத்தால துடைக்கணும். வாரம் ஒருதடவை பைப் க்ளீனர் கம்பியை ரம்முல நனைச்சுத் தண்டுக்குள்ள விட்டு, அது வெள்ளையா வெளியே வர்ற வரைக்கும் இழுக்கணும். ரம் வாங்கினதுக்கு வீட்டுல நான் சொன்ன காரணமே இதுதான், ஹி ஹி. கிண்ணத்துக்குள்ள கரி ஒரு காசு கனத்துக்கு மேல ஏறவிடக்கூடாது, மரம் விரியும். அடித்துளை அடைச்சா ஊக்கால குத்தலாம். சலவைச் சோடாவுல மட்டும் ஊறவைக்கவே கூடாது, அலுமினியத்தைத் தின்னுடும். என் தண்டு உள்ள எட்டிப் பார்த்தா துப்பாக்கிக் குழாய் மாதிரி மின்னும்.

அப்படிப்பட்ட ஒரு சமயத்துலதான் கடைவாய்ப் பல் ஒண்ணை அடைக்கப் போனேன். டாக்டரம்மா பல்லை விட்டுட்டு மேலண்ணத்தையே பார்த்துட்டிருந்தாங்க. "பைப் பிடிப்பீங்களா?" நான் சொல்லவே இல்லை, அவங்களா கேட்டாங்க! கையில கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினாங்க. அண்ணம் முழுக்க வெளுத்துப்போய், வெயில்ல வெடிச்ச வயல் மாதிரி, நடுநடுவே சிவப்புப் புள்ளி. உமிழ்நீர்ச் சுரப்பிகளோட வாய் வீங்கி நிக்கறதுதான் அந்தப் புள்ளி. பைப்காரங்களுக்கு அடிக்கடி வர்றதாம், முக்கியமா புகையோட சூட்டுனால. இதுவே புற்றுநோய் இல்லை, விட்டா சரியாயிடும்னாங்க. "விடலைன்னா?"னு நான் கேட்கலை.

சூட்டுனால! குளிர்ந்த புகை, குளிர்ந்த புகைன்னு ஏழு வருஷம் ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தவன் நான். தண்டைத் தினமும் துடைச்சேன். தண்டு முடியற இடத்துல ஆரம்பிக்கற குழாய்க்கு எந்தக் க்ளீனரும் விடலை.

விட்டேன். நாலு மாசம் படாதபாடு. அண்ணம் பழைய நிறத்துக்கு வந்துடுச்சு. பைப் இன்னும் மேஜை டிராயர்ல இருக்கு, அப்பப்ப எடுத்து மரையைத் திருகிப் பார்ப்பேன். நல்ல மரைங்க அது.

தம்பிகிட்ட இதையெல்லாம் சொன்னேன். "உங்களுக்கு வந்தா எல்லாருக்கும் வருமாண்ணே?" என்றான். அதுக்கு என்ன பதில் சொல்றது. போறப்போ ஒரு கிண்ணம் தண்டோட இறுகிடுச்சு, கழற்றித் தாங்கன்னு பைப்பை என்கிட்டயே கொடுத்துட்டுப் போயிருக்கான். தார் காய்ஞ்சு கோந்து மாதிரி பிடிச்சிருக்கு. ஃப்ரீசர்ல கொஞ்ச நேரம் வெச்சா விடும். தங்கமணி இப்பதான் ஐஸ் ட்ரே எடுக்கப் போயிருக்காங்க, என்ன நடக்கப்போகுதோ தெரியலை. ஞாயித்துக்கிழமை அவன் வர்றப்போ பைப்பைக் கழற்றித் துடைச்சுத் தரேன்னு சொல்லியிருக்கேன். வெள்ளைக் கைக்குட்டை ஒண்ணும் இஸ்திரி போட்டு எடுத்து வெச்சிருக்கேன்.