வருகையாளர் தகவலும் அமானிதமே!



இன்று நம் ஜமாஅத்துகளும் மதரஸாக்களும் இணையதளம் நடத்துகின்றன. எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ண, இலவசமாகக் கிடைக்கும் கூகுள் அனலிடிக்ஸைப் பொருத்துவோர் பலர். அது வருகிறவரின் கைபேசியில் 'குக்கீ' என்ற சிறு குறிப்பை எழுதி வைக்கிறது. அதில் பெயர் இருக்காது. ஓர் எண் இருக்கும். வழக்கமாக அதற்கு ஆயுள் 2 ஆண்டுகள். மறுமுறை வந்தால், 'முன்பு வந்தவர்தான்' என்று அந்த எண் காட்டிக்கொடுக்கும். பார்த்த பக்கங்களின் விவரம் கூகுளுக்குப் போய்ச் சேரும். வட்டிக் கடனில் சிக்கி ஜகாத் உதவிப் பக்கத்தைத் திறக்கும் செவ்வாப்பேட்டைச் சகோதரிக்கு இது தெரியுமா?

வெறும் எண்தானே என்று இருந்துவிட முடியாது. தொழுகை நேரம் காட்டும் 'முஸ்லிம் புரோ' செயலியிலிருந்து பயனாளர்களின் இருப்பிடத் தகவல் 'எக்ஸ்-மோட்' என்ற தரகு நிறுவனத்துக்குப் போனது 2020 நவம்பரில் அம்பலமானது. அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்களும் அத்தரகரின் வாடிக்கையாளர்களே! அங்கே கருவி வேறு; பாடம் ஒன்றுதான்.

துருவித் துருவி ஆராய்வதை அல்குர்ஆன் (49:12) தடுக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அந்த உரிமையை அரசிடம் கேட்கும் நாம், நம் வீட்டை முதலில் சரிசெய்ய வேண்டாமா?

நிர்வாகிகளே! அக்கருவி தேவைதானா என்று மஷூராவில் முடிவெடுங்கள். வாசகர்களே! பிரவுசரில் குக்கீகளை அவ்வப்போது அழித்துவிடுங்கள். நம்பி வருகிறவரின் தகவல் நம்மிடம் அமானிதம். அதற்கும் மறுமையில் கணக்கு உண்டு!