மீள்காட்சியும் விளையாட்டுப் பண்பும்

விளையாட்டு மைதானமும் ஒரு பள்ளிக்கூடமே என்பது நாம் வழிவழியாகக் கேட்டுவரும் உண்மை. வெற்றியிற் செருக்காமை, தோல்வியில் துவளாமை, மத்தியஸ்தரின் தீர்ப்புக்கு அடங்கி நடத்தல் ஆகியன அங்கே பயிலப்படும் பாடங்கள். ஆயின் இன்றைய மாணவன் இவற்றைக் கல்லூரி மைதானத்தில் மட்டும் பயில்வதில்லை. ஐரோப்பிய உதைபந்தாட்டப் போட்டிகளைத் தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் நாள்தோறும் கண்டு, அங்கு ஆடுவோரையும் தன் ஆசான்களாகக் கொள்கின்றான். அவ்வாசான்களுட் சிலர் கற்பிக்கும் பாடம் நம்மைக் கவலைகொள்ளச் செய்வதாகும். எதிரணி வீரனின் கால் பட்டும் படாமலும் இருக்கையிலே, பேரடி பட்டவர்போல் வீழ்ந்து புரண்டு, ஊதுகுழல் ஒலித்ததும் துள்ளி எழுந்தோடும் வித்தையையே குறிப்பிடுகின்றேன். ஆங்கிலத்தில் ‘டைவிங்’ என வழங்கும் இப்பொய்வீழ்ச்சியையும் இதுபோன்ற பிற வஞ்சனைகளையும் கண்டுபிடிக்க இப்பொழுது வீடியோ மீள்காட்சி துணைக்கு வந்துள்ளது. அத்துணை விளையாட்டுப் பண்பை வளர்க்குமா என்பதே நாம் ஈண்டு ஆராயவேண்டிய வினா.

உதைபந்தாட்டத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 19 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நடைபெற்ற போட்டிகளுக்கு அணிக்கு ஒருவராக இரு நடுவர் இருந்தனர். வீரர் முறையிட்டாலன்றி அவர் தீர்ப்புக் கூறார். அவ்விருவரும் முரண்பட்டவிடத்து, மைதானத்துக்கு வெளியே நின்ற மத்தியஸ்தர் முடிவு கூறுவார். 1891 இல் மத்தியஸ்தர் மைதானத்தினுள்ளே வந்தார். நடுவர் இருவரும் எல்லைக்கோட்டுக்குச் சென்றனர். தண்ட உதை விதியும் அவ்வாண்டிலேயே தோன்றியது. 1882 இல் அமைந்த கொரிந்தியன் கழகத்தினர், கனவான் ஒருவன் வேண்டுமென்று குற்றம் புரியான் எனக் கருதி, தண்ட உதையையே இழிவாக எண்ணினர் என்பர். அவர்களைப் போற்றுவோர் ஒன்றை மறத்தலாகாது. அவர்கள் வசதி படைத்தோர், பிழைப்புக்காக ஆடியவரல்லர். தோல்வியால் இழப்பதற்கு ஒன்றுமில்லாதார்க்கு நேர்மை எளிது. தோற்றாற் பெருந்தொகை இழக்கும் நிலையிலும் நேர்மை பேணுதலே அரிது. நம்பிக்கை குறையக் குறைய விதிகள் பெருகின. விதிகள் பெருகப் பெருக அவற்றை ஏய்க்கும் வழிகளும் பெருகின.

இதற்கு எடுத்துக்காட்டுகள் பல. 1986 ஆம் ஆண்டு மெக்சிக்கோவில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் ஆர்ஜன்டீனாவின் மரடோனா இங்கிலாந்துக்கு எதிராகக் கையாற் பந்தைத் தட்டிக் கோல் போட்டதை உலகமே கண்டது; மத்தியஸ்தர் காணவில்லை. 2002 இல் துருக்கி வீரரொருவர் உதைத்த பந்து பிறேசில் நாட்டு ரிவால்டோவின் காலிற் பட்டது. அவரோ முகத்தைப் பொத்திக்கொண்டு வீழ்ந்தார். துருக்கி வீரர் வெளியேற்றப்பட்டார்; ரிவால்டோவுக்குப் பின்னர் அபராதம் மட்டும் விதிக்கப்பட்டது. 2009 இல் பிரான்சின் தியறி ஹென்றி கையாற் பந்தைத் தடுத்து வழங்க, அதனாற் கிடைத்த கோலினால் அயர்லாந்து 2010 ஆம் ஆண்டின் உலகக் கிண்ண வாய்ப்பை இழந்தது. ஆட்டம் முடிந்தபின் ஹென்றி உண்மையை ஒப்புக்கொண்டார். ஆயினும் காலங்கடந்த வாய்மையால் அயர்லாந்து வீரருக்கு விளைந்த பயன் யாது?

இத்தகைய அநீதிகளைக் களையவே மீள்காட்சி வந்தது. 2018 இல் அது விதிநூலில் இடம்பெற்று, அவ்வாண்டில் ரஷ்யாவில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியிற் கையாளப்பட்டது. அப்போட்டியில் கொஸ்ரா ரிக்கா அணிக்கு எதிராகப் பிறேசிலின் நெய்மார் பின்புறமாகச் சாய்ந்து வீழ்ந்தார். மத்தியஸ்தர் தண்ட உதை வழங்கினார். பின்னர் மைதான ஓரத்துத் திரையிற் காட்சியை மீளப் பார்த்து, தம் தீர்ப்பைத் தாமே மாற்றினார். பொய்யின் பயன் கோடிக்கணக்கானோர் முன்னிலையிற் பறிக்கப்பட்டது. இது மீள்காட்சியின் பெருமை. இதனை மறுப்பார் யாருமிலர்.

எனினும் அப்பெருமைக்கும் ஓர் எல்லை உண்டு. கோல், தண்ட உதை, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள்மாறாட்டம் ஆகிய நான்கு வகைத் தீர்ப்புகளைத் திருத்தவே இம்முறை அமைக்கப்பட்டது. மைதானத்தின் நடுவிலே வீழ்ந்து நடிப்பவன் பெறும் சாதாரண உதையை அது ஆராய்வதில்லை. அன்றியும், காட்சியை மெதுவாக ஓட்டினால் சிறு தொடுகையும் பெருங்குற்றமாகத் தோன்றும். தொடுகை நிகழ்ந்த இடத்தை அறிய மெதுவான காட்சியையும், அதன் வன்மையை அறிய இயல்பான வேகக் காட்சியையும் பயன்படுத்துக என நெறிமுறையே எச்சரிப்பது இதனாலன்றோ? மேலும், திரைக்குப் பின்னால் இருப்பவரும் மனிதரே. 2023 செப்டெம்பரில் ரொட்டன்ஹாம் அணிக்கு எதிராக லிவர்பூல் வீரர் லூயிஸ் டயஸ் முறைப்படி போட்ட கோல் மறுக்கப்பட்டது. மைதானத்தில் வழங்கப்பட்ட தீர்ப்பு யாது என்பதையே மீள்காட்சி அறையில் இருந்தோர் பிழையாக விளங்கிக்கொண்டமை அதற்குக் காரணமாயிற்று. கருவி பொய்யுரைக்கவில்லை, மாந்தர் தவறினர்.

இனி, இவற்றினும் ஆழமான ஒன்றைக் கருதுவோம். 2012 இல் இத்தாலியில் லாசியோ அணிக்காக ஆடிய ஜேர்மானியர் மிரொஸ்லாவ் குளோசே, நாப்போலி அணிக்கு எதிராகக் கோல் போட்டார். பந்து தம் கையிற் பட்டதென அவரே மத்தியஸ்தரிடம் கூற, கோல் நீக்கப்பட்டது. அன்று அவரது அணி 3-0 எனத் தோற்றது. 1997 இல் லிவர்பூல் வீரர் ரொபி பௌலர், ஆர்சனல் கோல் காப்பாளர் தம்மை வீழ்த்தவில்லை என்று கூறித் தமக்கு வழங்கப்பட்ட தண்ட உதையை மறுக்க முயன்றார். மத்தியஸ்தர் அதனை ஏற்கவில்லை. இன்று குளோசேயின் கோலை மீள்காட்சியே நீக்கியிருக்கும். அவர் வாய் திறக்கவேண்டிய தேவை இராது. பொய்யனின் ஆதாயத்தைப் பறிக்கும் கருவி, மெய்யனின் சந்தர்ப்பத்தையும் பறித்துவிடுகின்றது. “உண்மையைத் திரை சொல்லட்டும், நான் ஏன் சொல்லவேண்டும்?” என்னும் எண்ணம் வீரருள்ளத்தில் வேரூன்றுமாயின், திரைக்குத் தப்பியதெல்லாம் நேர்மை என்றாகிவிடும்.

அவ்வாறாயின் மீள்காட்சி வேண்டாவோ எனின், வேண்டும் என்பதே என் துணிபு. ஒருவன் தன் வாய்மையை நிலைநாட்டச் சந்தர்ப்பம் வேண்டுமென்பதற்காக மற்றொருவன் வஞ்சிக்கப்படுதல் நீதியாகாது. அயர்லாந்து வீரருக்கு உரியது நீதி; அதனை ஹென்றியின் மனச்சான்று வழங்கும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மீள்காட்சியோடு தண்டனையும் சேரவேண்டும். அன்று நெய்மாருக்கு அவ்வீழ்ச்சிக்காக மஞ்சள் அட்டைதானும் காட்டப்படவில்லை. மத்தியஸ்தரை ஏமாற்ற முயல்வோனுக்கு அவ்வட்டை உரியதென விதி கூறியும் பயன் யாது? அகப்பட்டால் நட்டமில்லை, அகப்படாவிடின் ஆதாயம் என்னும் சூதை யார்தான் ஆடார்? 2017 இல் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம், ஏமாற்றித் தண்ட உதை பெற்றவரையும் எதிரணியினரை வெளியேற்றச் செய்தவரையும் போட்டியின் பின் விசாரித்து இரு போட்டிகளுக்கு விலக்கும் விதியைக் கொணர்ந்தது. அஃதே தக்க நெறி.

இவையெல்லாம் செல்வம் கொழிக்கும் போட்டிகளுக்குரியன. உலகிலுள்ள மைதானங்களுட் பெரும்பாலானவற்றிற் கமராவும் இல்லை, திரையும் இல்லை. நம் கல்லூரி மைதானமும் அத்தகையதே. ஈண்டு ஒரு மத்தியஸ்தரும் எல்லைக்கோட்டில் இருவருமே உளர். அவர் காணாததைக் கண்டவன் அதனைச் செய்த மாணவன் ஒருவனே. அவன் உண்மை சொல்வானா என்பது அவனை மட்டும் பொறுத்ததன்று. எல்லைக்கோட்டுக்கு அப்பால் நின்று ஆரவாரிக்கும் நம்மையும் பொறுத்தது. கல்லூரியின் பெயரால் எவ்வாறாயினும் வெல்க என்று நாம் கூவினால், வீழ்ந்து நடிக்க அவனுக்குக் கற்பித்தவர் நாமே ஆவோம்; ஐரோப்பிய வீரரைக் குறைகூறும் உரிமை பின்னர் நமக்கில்லை.

“ஐயா, பந்து என் கையிற் பட்டது” என ஒரு மாணவன் மத்தியஸ்தரிடம் கூறி, அதனால் நம் கல்லூரி தோற்கும் நாளும் வரக்கூடும். அன்று மைதானத்தைச் சூழ நிற்கும் பழைய மாணவர் யாவரும், கிண்ணம் வென்ற நாளினும் பலமாகக் கைதட்டி அவனை வரவேற்பாராக. விழாக் கொண்டாடும் ஒரு கல்லூரி தன் மாணவரிடத்து எதிர்பார்க்கத்தக்க வெற்றி அதனினும் வேறொன்றில்லை.