மழையையும் சேர்த்து மடிக்காதீர்கள்

காலை நிகழ்ச்சிக்கு வரும் குரல் பதிவுகளில் பாதி பாட்டு கேட்டு வரும். மீதி, சாலை நெரிசல், பள்ளிக்கூடம், சமையல் என்று போகும். போன வாரம் கிள்ளானிலிருந்து ஓர் அம்மா அனுப்பியது வேறு ரகம். அவர் கணவர், பிக்கப் வண்டியின் மேல்பக்கம் ஒரு பந்தல் பொருத்தியிருக்கிறார். நிறுத்திய இடத்தில் இழுத்து விரித்தால் நிழல், திரும்பும்போது சுருட்டி உறைக்குள் போட்டுவிடலாம். கோல குபு பாரு ஆற்றோரம் குடும்பத்தோடு இரண்டு நாள் தங்கியிருக்கிறார்கள். ஞாயிறு மாலை நல்ல மழை. நனைந்த துணியை அப்படியே சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்துத் திறந்தால், துணி முழுக்க மிளகைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள், கூடவே பூசண வாடை.

"கழுவுறது ஒரு பக்கம் இருக்கட்டும் தம்பி. என் சின்னவனுக்கு இழுப்பு இருக்கு. அடுத்த லீவுல அவன அதுக்குக் கீழ படுக்க வைக்கலாமா?"

ஒலிபரப்பில் எனக்குக் கிடைத்தது ஒரு நிமிடம்கூட இல்லை. அதனால் இந்த வாரப் பக்கத்தை இதற்கே எடுத்துக்கொள்கிறேன். கேம்பர்வேன் பந்தல், கூடாரம், ஃபிளைஷீட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு வேண்டாம். துணி சுத்தமாகி, நன்றாகக் காய்ந்து, வாடையும் போன பிறகு படுக்க வைக்கலாம். அந்த வாடை போகவே இல்லையென்றால், துணி என்ன விலையாக இருந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது. பூஞ்சையின் நுண்வித்துகள் மூச்சோடு உள்ளே போனால் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு வரலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இழுப்பையே கிளப்பிவிடலாம். நாலு பக்கமும் திறந்த பந்தலைவிட, மூடிய கூடாரத்தில்தான் கவலை அதிகம். எட்டு மணி நேரம் பிள்ளை அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறது.

துணி ஏன் பூசணம் பிடிக்கிறது?

'பாலியெஸ்டர் துணியாச்சே, அதில் எப்படி?' என்று பலர் கேட்கிறார்கள். பூஞ்சை பெரும்பாலும் அந்த இழையைத் தின்பதில்லை. மேலே ஒட்டியிருக்கும் தூசு, இலைச்சாறு, பறவை எச்சம், கோழி வாட்டும்போது தெறித்த எண்ணெய், இவைதான் அதற்குச் சாப்பாடு. பருத்தி கேன்வாஸ் என்றால் துணியே உணவு.

நுண்வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. அவை முளைக்க ஈரம் மட்டும் போதும். நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மேற்குக் கரையில் சாயங்காலம் ஆனால் இடி மழை. கிழக்குக் கரைப் பக்கம் போனால் நவம்பரிலிருந்து மார்ச் வரை பருவமழை. ஆக, நனையாமல் முகாம் போட்டுத் திரும்புவது அதிர்ஷ்டம்தான். நனைவது பிரச்சினை இல்லை. நனைந்ததை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய வைக்காததுதான் பிரச்சினை.

முதலில் செய்யக் கூடாதவை

பிளீச் போத்தலை எடுக்காதீர்கள். நைலான், பருத்தித் துணிகளின் இழையையும் தையலையும் அது பலவீனமாக்கும், நிறத்தையும் நீர்புகாப் பூச்சையும் கெடுக்கும். சில அக்ரிலிக் பந்தல் துணிகளுக்கு நீர்த்த பிளீச் போடலாம் என்று தயாரிப்பாளர்களே சொல்வதுண்டு. உங்கள் துணியின் சீட்டில் அப்படி இருந்தால் மட்டும், அதில் சொன்ன அளவில் பயன்படுத்துங்கள்.

இதைவிட முக்கியம்: பிளீச்சையும் வினிகரையும் எந்தக் காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. 'முதல்ல இது, போகலைன்னா அது' என்று ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றினாலும் அதே கதைதான்.

வாட்டர் ஜெட் வேண்டாம், அது பூச்சை உரித்துவிடும். சலவை இயந்திரமும் வேண்டாம், அதன் முறுக்கலில் தையல் மேல் ஒட்டிய நாடா பிரிந்துவிடும். வாசனைத் தெளிப்பான் அடித்து வாடையை மறைப்பதில் பயனே இல்லை. செத்த பூஞ்சையின் துகள்கூட ஒவ்வாமையைத் தூண்டும் என்பதால், அதைக் கொன்றால் மட்டும் போதாது. கழுவி வெளியேற்ற வேண்டும்.

கழுவும் முறை

வெயில் வரும் ஒரு சனிக்கிழமை காலையைத் தேர்ந்தெடுங்கள். எட்டு மணிக்குத் தொடங்கினால் சாயங்கால மழைக்கு முன் காய்ந்துவிடும். துணியை வெளியில் வைத்துப் பிரியுங்கள். என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். நுண்வித்துகள் அதிகம் பறப்பது சுருளைப் பிரிக்கும் அந்த நேரத்தில்தான். இழுப்பு உள்ள பிள்ளையை அப்போது பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், உதவிக்குக் கூப்பிடாதீர்கள்.

காய்ந்த துணியாகவே மென்மையான தூரிகையால் முதலில் தட்டிவிடுங்கள். பிறகு வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, இரு பக்கமும் துடைத்து அலசுங்கள். பச்சையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் பாசிதான், அது இந்தச் சோப்பு நீரிலேயே போய்விடும்.

கரும்புள்ளிகளுக்கு வெள்ளை வினிகர். மளிகைக் கடையில் 'சுக்கா' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள். நிறம் போகவில்லை என்றால் புள்ளிகள் மேல் தெளித்து 15 நிமிடம் விடுங்கள். தையல் ஓரங்களையும் மடிப்பு விழுந்த கோடுகளையும் மறக்காதீர்கள், பூஞ்சை முதலில் குடியேறுவது அங்கேதான். மெதுவாகத் தேய்த்து, நிறைய தண்ணீரில் அலசுங்கள். வினிகர் எல்லா வகைப் பூஞ்சைக்கும் கட்டுப்படும் மருந்து அல்ல, இரண்டு முறை செய்ய வேண்டி வரலாம்.

அதன் பிறகும் வெளிறிய கறை நின்றால் மனம் உடைய வேண்டாம். கறை என்பது பூஞ்சை இருந்த தடம், அதற்காகத் துணி நாறும் வரை தேய்க்காதீர்கள். துணி காய்ந்ததும் முகர்ந்து பாருங்கள். வாடை இல்லையென்றால் நல்ல செய்தி.

உட்புறம் பிசுபிசுவென்று ஒட்டி, செதில் செதிலாக உதிர்ந்து, புளித்த நாற்றம் வந்தால் அது வேறு நோய். ஈரமும் சூடும் சேர்ந்து பாலியூரித்தேன் பூச்சைச் சிதைத்துவிட்டன என்று பொருள். அதைக் கழுவிச் சரிசெய்ய முடியாது.

காய்ச்சல், காப்பு

நாள் முழுக்க உச்சி வெயிலில் போட்டால் புற ஊதாக் கதிர் நைலானை நைந்துபோகச் செய்யும். காற்றோட்டமான நிழலில் இரு பக்கமும் மாற்றிப் போட்டுக் காய வையுங்கள். அடுக்குமாடி வீடா? வரவேற்பறையில் கயிறு கட்டி, மின்விசிறியை இரவு முழுக்க ஓடவிடுங்கள். வீட்டில் ஒரு நாள் முணுமுணுப்பு இருக்கும், பரவாயில்லை. ஓரங்களை விரலால் தொட்டுப் பாருங்கள். துணியின் நடுப்பகுதி காய்ந்த பிறகும் தையலில் ஈரம் நிற்கும்.

காய்ந்ததும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் பூச்சு நன்றாக இருக்கிறது. துணி குடித்துக்கொண்டால், முகாம் பொருள் கடையில் கிடைக்கும் நீர்புகாத் தெளிப்பானை அடித்துவிடுங்கள்.

கூடாரத்தைக் கார் பூட்டில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். அங்கே சூடும் புழுக்கமும் அதிகம். பழைய தலையணை உறைக்குள் தளர்வாகப் போட்டு, ஈரம் உறிஞ்சும் பெட்டி வைத்த அலமாரியில் வையுங்கள். பந்தலை விரிக்கும்போது ஒரு மூலையைச் சற்றுத் தாழ்த்திக் கட்டுங்கள். மழைநீர் தேங்காமல் வழிந்துவிடும், கம்பியும் வளையாது.

மலேசியாவில் மழையைத் தள்ளிப்போடச் சொல்ல யாராலும் முடியாது. ஞாயிறு இரவு களைப்பாக வீடு திரும்பும்போது, துவைக்க வேண்டிய துணி, கழுவ வேண்டிய சட்டி, மறுநாள் பள்ளிச் சீருடை என்று வரிசையில் நிற்கும். அந்த வரிசையில் பந்தலை முதலில் நிறுத்துங்கள். சட்டி ஒரு நாள் காத்திருந்தால் ஒன்றும் ஆகாது. உறைக்குள் இருக்கும் ஈரத் துணிக்கு அந்த ஒரு நாள்தான் கெடு.

கிள்ளான் அம்மாவுக்கு ஒரு வார்த்தை: கழுவி முடித்து வாடை போன பிறகு, பையனுடைய டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்ஹேலரை உணவுக் கூடையில் போடாமல், கைக்கு எட்டும் பையில் வையுங்கள். பிறகு நிம்மதியாகக் கிளம்புங்கள். ஆற்றுச் சத்தத்தில் தூங்கி எழும் ஆசை அவனுக்கும் இருக்கும்.