அல்லியின் கோட்டையன்று

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையிலுள்ள அரிப்பில், கடலோர மேட்டின் விளிம்பிற் சிதைந்த செங்கற் சுவர்கள் சில நிற்கின்றன. ஊரார் அதனை அல்லிராணி கோட்டை என்பர். அது கோட்டையுமன்று; அல்லி கட்டியதுமன்று. இலங்கையின் முதலாவது பிரித்தானியத் தேசாதிபதியான பிரெடெரிக் நோர்த், முத்துச் சலாபக் காலத்தில் தங்குவதற்கென 1801 முதல் 1804 வரையில் எழுப்பிய மாளிகை அது. கிரேக்கப் பண்பாட்டிற் பெரும்பற்றுடைய அவர் டோரிக் முறையிலே தூண்களை அமைப்பித்தார். ‘டோரிக்’ என்பதே மாளிகைக்கும் பெயராயிற்று.

“அந்நியன் கட்டிய வீடு கடலுக்கு இரையானால் நமக்கென்ன?” என வினவுவோர் கற்றோரிடையேயும் உளர். அவர்களை நோக்கியே இதனை எழுதுகிறேன்.

அச்சுவர்களை அணுகி நோக்குக. செங்கல்லின்மேற் பூசிய சாந்து, சிப்பி ஓடுகளைச் சுட்டெடுத்த சுண்ணாம்பினாலானது. சலவைக்கல்லை ஒத்த வெண்மை அம்மாளிகைக்கு அதனாலேயே வாய்த்தது. செங்கல்லைச் சாந்தினால் மூடிக் கல்மாளிகையெனக் காட்டுதல் இங்கிலாந்திலும் வழக்காயிருந்தது. 1820களில் ஜோன் நாஷ் இலண்டன் ரீஜன்ட் பூங்காவின் ஓரங்களில் அமைத்த தொடர்மாடங்களும், பின்னர் விக்டோரியா காலத்திற் பிம்லிகோவில் தோமஸ் கியூபிட் எழுப்பிய தொடர்வீடுகளும் அத்தகையனவே. அவற்றை அந்நாட்டார் சட்டத்தாற் காத்து வருகின்றனர். அவற்றினும் முற்பட்ட அரிப்பு மாளிகையோ அலைக்குச் சிறிது சிறிதாக உதிர்ந்துகொண்டிருக்கின்றது.

வடிவம் கிரேக்கருடையது, ஆணை ஆங்கிலேயருடையது. ஆயின் சிப்பி இக்கடல் தந்தது. மூச்சடக்கி மூழ்கியோர் அள்ளிவந்த சிப்பிகளின் ஓடுகளே இக்கரையிற் குவிந்து கிடந்தன. செங்கல்லும் சுதையும் நம் கோபுரங்களை ஆக்கிய பொருள்களுமாம். முத்தின் வருவாய் அரசுக்குச் சேர்ந்தது; முத்துகள் நாடு கடந்தன. குளித்தோரின் பெயரை இங்கு எந்தக் கல்லும் கூறவில்லை. அவர்தம் உழைப்பை நினைவூட்டி எஞ்சியிருப்பது இச்சாந்துப் பூச்சு. இதனை அந்நியனுடையதென்று கைவிடுவோர் நோர்த்தையன்று, நம் முன்னோரையே கைவிடுகின்றனர்.

அல்லிக் கதையை நான் இகழ்கின்றேனல்லேன். மதுரையை ஆண்டதாகக் கதை கூறும் பெண்ணரசியின் பெயரை இம்மக்கள் ஏன் இங்கு இட்டனர் என்பது ஆராயத்தக்கதே. ஆனால் கதையை வரலாறெனக் கொண்டு அமைவது கல்வியாகாது.

கடலைத் தடுப்பது மாணவரால் ஆகாது. எஞ்சிய சுவர்களை அளத்தலும், வரைதலும், படம்பிடித்தலும், சாந்தின் சேர்மானத்தை ஆராய்தலும், முதியோர் கூறும் கதைகளை எழுதிக்கொள்ளுதலும் நம்மால் ஆகும். வரலாறு, தமிழ், புவியியல் ஆகிய துறையினர் ஒருங்கே சென்றால் ஒரு விடுமுறை போதும். அதனையும் செய்யாது, நம் வரலாற்றைப் பிறர் எழுதினரே என்று மேடைதோறும் குறைகூறுவது நேர்மையாகுமா? விரிவுரையாளரும் மாணவரும் விடை பகர்க. சுவர் முற்றும் வீழ்ந்தபின் பகரும் விடையாற் பயனில்லை.